பர்சனல் ட்ரெயினர் வேலை: சம்பளம், படிப்பு, அனுபவம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம் ட்ரெயினராகச் சேர நினைப்பவர்களும், ட்ரெயினருக்குப் பணம் கட்டலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. இரு தரப்புக்கும் ஒரே பக்கத்தில் பதில் எழுதக் காரணம் உண்டு. ட்ரெயினருக்குப் பணம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால், அவர் ஏன் ஒன்றைச் சொல்கிறார், ஏன் இன்னொன்றைச் சொல்லாமல் விடுகிறார் என்பது பெருமளவு புரிந்துவிடும். தொகைகள் எல்லாம் சென்னையில் நான் பார்த்தவரை. ஏரியாவுக்கு ஏரியா, ஜிம்முக்கு ஜிம் மாறும்.

மாதம் எவ்வளவு கிடைக்கும்?

இரண்டு வருமானங்களைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று ஃப்ளோர் சம்பளம். ஜிம்முக்குள் நின்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொடுப்பதற்கான தொகை இது. புதிதாகச் சேருபவருக்கு 12,000 முதல் 18,000 வரை, பெரிய செயின் ஜிம்களில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இன்னொன்று பிடி (பர்சனல் ட்ரெயினிங்), அதாவது தனிப்பட்ட பயிற்சிக்கு கிளையன்ட் கட்டும் பணத்தில் உங்கள் பங்கு. நடுத்தர ஜிம்மில் மாதம் 12 செஷனுக்கு 6,000 முதல் 10,000 வரை வாங்குகிறார்கள். அதில் ட்ரெயினர் கைக்கு வருவது 30 முதல் 50 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃப்ளோர் சம்பளம் 15,000. எட்டு கிளையன்ட், ஆளுக்கு 8,000, உங்கள் பங்கு 40 சதவீதம். பிடி வருமானம் 25,600, மொத்தம் 40,600. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலை ஐந்தரை முதல் பத்து வரை, மாலை நாலரை முதல் ஒன்பதரை வரை என்று மாதம் 26 நாள் நிற்கிறீர்கள். கிட்டத்தட்ட 247 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 165 ரூபாய்கூட வராது. நடுவில் இருக்கும் பகல் நேரம் ஓய்வு என்று பெயர். வீடு தூரமாக இருந்தால் அந்த நேரமும் பஸ்ஸிலோ, ஜிம்மின் மூலையில் பாயைப் போட்டுப் படுப்பதிலோ போய்விடும்.

எட்டு கிளையன்ட் என்பதும் முதல் மாதத்தில் நடக்காது. ஆரம்பத்தில் ஒன்றோ இரண்டோதான். அந்தக் காலத்தைச் சமாளிக்க வீட்டில் ஒரு பிடிமானம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். நன்றாக வரக்கூடிய பல பையன்கள் ஐந்தாறு மாதத்தில் டெலிவரி வேலைக்குப் போய்விடுவதற்கு இதுதான் காரணம்.

50 சதவீதம் தரும் ஜிம், 35 சதவீதம் தரும் ஜிம். எதில் சேரலாம்?

சதவீதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்று விஷயம் கேளுங்கள்.

எந்தத் தொகையில் சதவீதம்? கிளையன்ட் கட்டும் பணத்தில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும். ஜிம் சேவைக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி போக மீதியில் உங்கள் பங்கு என்றால் அது நியாயம். அதற்கு மேல் ‘சேல்ஸ் இன்சென்டிவ்’, ‘கார்டு சார்ஜ்’ என்று கழித்த பிறகுதான் பங்கு என்றால், காகிதத்தில் இருக்கும் 50 கையில் 40 ஆகிவிடும்.

விற்றதற்கா, எடுத்ததற்கா? சில ஜிம்களில் கிளையன்ட் பணம் கட்டிய மாதமே பங்கு வரும். சில இடங்களில் செஷன் எடுத்த பிறகுதான் வரும். கிளையன்ட் ஆறு செஷனோடு நின்றுவிட்டால் மீதிப் பணம் ஜிம்மோடு தங்கிவிடும் ஏற்பாடும் உண்டு.

கிளையன்டை யார் கொண்டுவருவது? மாதம் இவ்வளவு பிடி விற்க வேண்டும் என்று டார்கெட் வைத்து, தவறினால் ஃப்ளோர் சம்பளத்தில் கை வைக்கும் இடங்கள் உண்டு. அங்கே சேராதீர்கள். டார்கெட் பயத்தில் இருக்கும் ட்ரெயினர், பிடியே தேவைப்படாத ஒருவரையும் விடமாட்டார்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தால் முழுப் பணமும் நமக்குத்தானே?

ஆமாம், ஆனால் பயண நேரமும் நம்முடையதுதான். 12 செஷனுக்கு 12,000 வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரச் செஷனுக்குப் போக 40 நிமிடம், வர 40 நிமிடம் என்றால் மணிக்கு 430 ரூபாய் போல நிற்கும். பெட்ரோல் தனி. வேளச்சேரியில் ஒருவர், அண்ணா நகரில் ஒருவர் என்று ஒத்துக்கொண்டால் காலை நேரம் முழுக்க சிக்னலில்தான். ஒரே அபார்ட்மென்டில் இரண்டு, மூன்று பேர் அமைந்தால்தான் இது கட்டுப்படியாகும். அதனால் முதல் கிளையன்ட் அமைந்த கட்டடத்திலேயே அடுத்தவரைத் தேடுங்கள். லிஃப்டில் பார்ப்பவர்கள் தாமாகவே கேட்பார்கள்.

கேன்சல் விதியை முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். முந்தைய இரவுக்குள் சொன்னால் வேறு நாள் மாற்றித் தருவேன், வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது சொன்னால் அது எடுத்த செஷன் கணக்கு. நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கும். எழுத்தில் இருந்தால் இரண்டு பேருக்கும் சங்கடமில்லை.

வருமானம் வருடம் முழுக்க ஒரே மாதிரி வருமா?

வராது. ஜனவரியில் கூட்டம் அலைமோதும். பொங்கல் லீவில் பாதி குறையும். ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். தை, ஆவணி முகூர்த்தங்களுக்கு மூன்று மாதம் முன்னால் மணமகளும் மணமகனும் வந்து சேருவார்கள். நல்ல வருமானம்தான், ஆனால் கல்யாணத்தோடு முடிந்துவிடும். ஆண்டு முழுவதும் சோறு போடுவது நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய கிளையன்ட்கள். முழங்கால், சர்க்கரை, பிரஷர் என்று வருகிறார்கள். பலன் தெரிந்தால் வருடக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

சர்டிபிகேட் கட்டாயமா?

இந்தியாவில் பர்சனல் ட்ரெயினருக்கு உரிமம் கேட்கும் சட்டம் இல்லை. டாக்டருக்கோ வக்கீலுக்கோ இருப்பதுபோல் பதிவு செய்துதான் தொழில் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நேற்று வரை மெம்பராக இருந்தவர் இன்று டி-ஷர்ட் மாற்றிக்கொண்டு மாஸ்டர் ஆகலாம். இது ஆபத்தான நிலை என்பதுதான் என் கருத்து. பெரிய செயின்கள் சர்டிபிகேட் கேட்கும், தெருமுனை ஜிம் கேட்காது. வளைகுடா நாடுகளுக்குப் போக ஆசை இருந்தால் அங்கீகாரம் பெற்ற சர்டிபிகேட் இல்லாமல் நகர முடியாது.

எதைப் படிக்கலாம்?

ட்ரெயினர் சான்றிதழ் தரும் அமைப்புகளில் உலக அளவில் தெரிந்த பெயர்கள் ஏசிஇ, என்ஏஎஸ்எம், ஏசிஎஸ்எம், என்எஸ்சிஏ. நான்கும் அமெரிக்க அமைப்புகள். ஏசிஇ தேர்வு எழுத 18 வயது நிறைந்திருக்க வேண்டும், சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சிச் சான்றும் வேண்டும். 150 கேள்விகள், மூன்று மணி நேரம். வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் போதும் என்று நினைக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொடர்கல்வி மணிநேரங்களைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் செலவு உண்டு. என்எஸ்சிஏ தரும் சிஎஸ்சிஎஸ் என்பது விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்சி தருபவர்களுக்கானது, அதற்குப் பட்டப்படிப்பு அவசியம்.

இந்தியாவில் மும்பையின் கே11 என்ற ஃபிட்னஸ் பயிற்சிப் பள்ளி பலருக்குத் தெரிந்த பெயர். மத்திய அரசின் திறன் பயிற்சி அமைப்பின் கீழும் ஃபிட்னஸ் ட்ரெயினர் தகுதிச் சான்று இருக்கிறது. கல்லூரிப் படிப்பாகவே போக விரும்பினால் சென்னை நந்தனத்தில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கியது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்தப் பட்டம் இருந்தால் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கும் கதவு திறந்திருக்கும். ஜிம் வருமானம் ஆடும்போது அது பெரிய தெம்பு.

இரண்டு வாரத்தில் சான்றிதழ், பாஸ் உறுதி என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். எதில் சேர்ந்தாலும் முதலில் ஒரு கேள்வி: தேர்வை நடத்துவது யார்? வகுப்பு எடுப்பவரே கேள்வித்தாள் தயாரித்து அவரே மார்க்கும் போட்டால் அந்தக் காகிதத்துக்கு வெளியே மதிப்பு இருக்காது.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. பாஸ் பண்ண முடியுமா?

முடியும், நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேசத் தேர்வுகள் ஆங்கிலத்தில்தான். ஆனால் கேள்விகளில் வரும் சொற்கள் ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றும். தசைகளின் பெயர், மூட்டுகளின் அசைவு, இதயத் துடிப்புக் கணக்கு. அவை பழகிவிட்டால் கேள்வி புரிந்துவிடும்.

அப்புறம், கிளையன்டிடம் நிற்கும்போது அந்த ஆங்கிலம் தேவையே இல்லை. ‘குளூட்டை ஆக்டிவேட் பண்ணுங்க’ என்றால் ஒரு அம்மாவுக்கு என்ன புரியும்? ‘பின்னாடி ஸ்டூல் இருக்கிற மாதிரி இடுப்பைத் தள்ளுங்கம்மா, குதிகால் தரையை விடக்கூடாது’ என்றால் உடனே செய்வார். தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்த ட்ரெயினருக்கு ஐம்பது வயதுக்காரர்கள் நடுவில் நல்ல பெயர் இருக்கிறது.

புத்தகத்தில் இல்லாத அனுபவம் என்கிறார்களே, அது என்ன?

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், இந்த வேலையின் சாரம் இங்கேதான் இருக்கிறது.

ஐம்பத்தைந்து வயதில் ஒரு அம்மா வருகிறார். பூஜைக்குத் தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. புதிய ட்ரெயினர் முதல் நாளே ஸ்குவாட் போடச் சொல்வார். கொஞ்சம் காலம் பார்த்தவர் ஒரு நாற்காலியைப் போட்டு, ‘உட்கார்ந்து எழுங்கம்மா’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்பார். கை தொடையை ஊன்றுகிறதா? பாரம் ஒரு பக்கமாகச் சாய்கிறதா? முழங்கால் உள்ளே மடிகிறதா? எழும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாரா? பிரஷர் இருப்பவர் மூச்சைப் பிடித்தால் அந்த நொடியில் அழுத்தம் இன்னும் ஏறும். நாற்காலியின் மேல் இரண்டு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டினால் கை ஊன்றாமல் எழுகிறார். சரி, அந்த உயரம்தான் அவருடைய தொடக்கம். வாரங்கள் போகப் போக ஒரு தலையணை போகும், பிறகு இரண்டாவது போகும், பிறகு தாழ்வான பலகை வரும். கடைசியில் ஒரு கையை ஊன்றித் தரையிலிருந்து எழும் வித்தையைத் தனியாகப் பழக்க வேண்டும். இதில் எங்கும் எடை தூக்கவில்லை. ஆனால் அவருக்கு எது வேண்டுமோ அது கிடைத்துவிட்டது.

மாத்திரை விஷயத்தைப் பாருங்கள். மெட்டோபுரோலால், அட்டினலால் போன்ற பீட்டா பிளாக்கர் (பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் மாத்திரை) எடுப்பவருக்கு இதயத் துடிப்பு மற்றவர்களுக்கு ஏறும் அளவுக்கு ஏறாது. 220-இலிருந்து வயதைக் கழித்துத் துடிப்பு இலக்கு போட்டுவிட்டு, வாட்ச்சில் 105 காட்டுகிறது, இன்னும் வேகமாக ஓடுங்கள் என்று விரட்டினால் அவரை ஆபத்தில் தள்ளுகிறீர்கள். அவர் பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்பதுதான் அங்கே அளவுகோல். முழு வாக்கியம் பேசினால் மிதம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

சர்க்கரையும் அப்படித்தான். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவோடு வாழ்பவர்கள் 10 கோடிக்கும் மேல். உங்கள் கிளையன்ட் பட்டியலில் அவர்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். இன்சுலின் போடுபவருக்கும், கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரை எடுப்பவருக்கும் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கிப் போகலாம். ஆரம்பிக்கும் முன் 90-க்குக் கீழே இருந்தால் வாழைப்பழமோ பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். வியர்வையும் நடுக்கமும் உழைப்பால் வருவது போலவே தெரியும். பேச்சு தடுமாறினாலோ, சொல்வது புரியாமல் விழித்தாலோ உடனே நிறுத்திச் சர்க்கரையைப் பாருங்கள். முதல் நாளே மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லிப் பெயர்களை எழுதி வைக்கும் பழக்கம் இதற்குத்தான். மாத்திரையை மாற்றுவதும் நிறுத்துவதும் டாக்டரின் வேலை, அதில் நாம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

சிபிஆர் உண்மையிலேயே தேவைப்படுமா?

கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் மாரடைப்பால் இறந்த பிறகு, ஜிம்முக்கு வருபவர்கள் இதயத்தைப் பற்றிக் கேட்பது கூடிவிட்டது. ட்ரெயினர்களின் தயார்நிலை அந்த அளவுக்குக் கூடவில்லை. நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். எண்ணைத் தெரிந்துகொண்டால் போதாது. பொம்மையில் செய்து பார்த்தால்தான் எவ்வளவு பலம் வேண்டும் என்று கைக்குத் தெரியும். ஒருவர் அழுத்தும்போது இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். உங்கள் ஜிம்மில் ஏஇடி, அதாவது நின்ற இதயத்துக்கு மின் அதிர்வு கொடுக்கும் கருவி இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள்.

கட்டுமஸ்தான உடம்பு இருந்தால்தான் கிளையன்ட் வருவார்களா?

முதல் கிளையன்ட் அப்படித்தான் வருவார். மூன்றாவது மாதம் ரெனியூவல் போடுவது அவருடைய முதுகுவலி குறைந்ததாலும், போன வாரம் எத்தனை கிலோ தூக்கினார் என்று நீங்கள் நோட்டைப் பார்த்துச் சொன்னதாலும்தான். செஷன் நடுவே போனைப் பார்க்கும் ட்ரெயினரிடம் யாரும் தங்க மாட்டார்கள்.

சப்ளிமென்ட் விற்றால் கூடுதல் வருமானம் வருமே?

வரும். ஒரு டப்பாவுக்குக் கடைக்காரர் தரும் கமிஷன், சில நேரம் ஒரு வாரப் பிடி பங்குக்குச் சமம். 15,000 சம்பளத்தில் நிற்கும் பையனுக்கு அது பெரிய இழுப்பு என்பது எனக்குத் தெரியும். அவனை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை, சம்பளத்தை அந்த அளவில் வைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் வேண்டாம். சாதாரண ஆளுக்குத் தேவையான புரதத்தைப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிரில் எட்டிவிடலாம். தசை வளர்க்கப் புரத சப்ளிமென்டைத் தவிர்க்கும்படிதான் ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் சொல்கிறது. கமிஷன் வாங்கிக்கொண்டு சிபாரிசு செய்தால் கிளையன்டுக்கு ஒருநாள் தெரியவரும். அன்று நீங்கள் சொன்ன மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும்.

ஊசி விஷயத்தில் எந்தச் சமாதானமும் இல்லை. ஸ்டீராய்டு மருந்துகள் டாக்டர் சீட்டோடு மட்டுமே வாங்க வேண்டியவை. உரிமம் இல்லாமல் விற்பது 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி குற்றம். கல்லீரல், இதயம், குழந்தைப்பேறு எல்லாம் பாதிக்கப்படும். 19 வயதுப் பையனுக்கு ‘ஒரு சைக்கிள் போட்டுப் பார்’, அதாவது சில வாரம் ஸ்டீராய்டு எடுத்துப் பார் என்று சொல்லும் மாஸ்டரை மாஸ்டர் என்று கூப்பிடவே எனக்குப் பிடிக்கவில்லை.

பெண்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா?

தேவை மிக அதிகம், ஆட்கள் மிகக் குறைவு. பிரசவத்துக்குப் பிறகு வருபவர்கள், மாதவிடாய் நின்றபின் எலும்பு பலத்துக்காக வருபவர்கள், பெண் ட்ரெயினர்தான் வேண்டும் என்று கேட்கும் வீடுகள் என்று வாய்ப்பு விரிந்து கிடக்கிறது. நேரம்தான் தடை. விடிகாலை ஐந்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் பயணம். வீட்டுப் பெண்கள் வரக்கூடிய காலை பத்து முதல் ஒரு மணி பேட்சை உங்களுக்கு ஒதுக்கித் தருவார்களா என்று சேரும்போதே பேசுங்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் முதல் சந்திப்பை பூங்காவிலோ அபார்ட்மென்ட் ஜிம்மிலோ வையுங்கள்.

பிஎஃப், இஎஸ்ஐ கிடைக்குமா?

பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குப் பிஎஃப், 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இஎஸ்ஐ பொருந்தும். இஎஸ்ஐ சம்பள உச்சவரம்பு 21,000. பல இடங்களில் ட்ரெயினரை ‘கன்சல்டன்ட்’ என்று எழுதிவிட்டு இரண்டையும் தவிர்த்துவிடுகிறார்கள். தோள்பட்டை விலகினாலோ முதுகு பிடித்தாலோ சம்பளமே நின்றுபோகும் தொழில் இது. சேரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான், ஆனால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பணம் தரும்போதே வரி (டிடிஎஸ்) பிடித்திருந்தால் வருமான வரி ரிட்டர்ன் போடுங்கள். வரி வரம்புக்குக் கீழே இருந்தால் அந்தப் பணம் திரும்ப வரும். பைக் லோன், வீட்டு லோன் கேட்கும்போதும் அந்தக் காகிதம்தான் பேசும்.

நான் கிளையன்ட். பணம் கட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதல் சந்திப்பில் அவர் உங்களிடம் எவ்வளவு கேட்கிறார் என்று கவனியுங்கள். நோய், மாத்திரை, பழைய காயம், தூக்கம், வேலை நேரம் எதையும் கேட்காமல் நேராக டிரெட்மில்லில் ஏற்றினால் அங்கே பணம் கட்ட வேண்டாம். சர்டிபிகேட் காலாவதி ஆகிவிட்டதா என்று தேதியைப் பாருங்கள், இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஒரு மாதத்தில் 10 கிலோ குறைக்கிறேன் என்று வாக்குக் கொடுப்பவரையும், சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் டயட் எழுதித் தருபவரையும் தவிர்த்துவிடுங்கள். நோய்க்கான உணவுத்திட்டம் தகுதி பெற்ற டயட்டீஷியனின் வேலை.

அப்புறம், ஒன்று நேரடியாகக் கேளுங்கள்: ‘நான் கட்டும் பணத்தில் உங்களுக்கு எவ்வளவு வரும் தம்பி?’ பலர் தயங்காமல் சொல்வார்கள். 10,000 கட்டி அதில் 3,000 மட்டும் அவருக்குப் போகிறது என்றால், அடுத்த வருடம் அவர் அந்த ஜிம்மில் இருக்க மாட்டார் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதப் பேக்கேஜ் வாங்கும் முன் ஒரு மாதம் மட்டும் கட்டிப் பாருங்கள்.

ட்ரெயினர் பாதியில் வேலையை விட்டுப்போனால் மீதி செஷன் என்ன ஆகும்?

நீங்கள் பணம் கட்டியது ஜிம்முக்கு, ஆகவே பொறுப்பும் ஜிம்முக்குத்தான். வேறு ட்ரெயினர் தருவார்கள். அவர் பிடிக்கவில்லை என்றால் மீதித் தொகை திரும்பக் கிடைக்குமா என்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் இருக்கும். எழுதப்படவில்லை என்றால் பணம் கட்டும் முன்பே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். ரசீதில் செஷன் எண்ணிக்கையும் எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பதும் இருக்கட்டும். எடுத்த ஒவ்வொரு செஷனுக்கும் தேதியோடு நீங்களும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதியவர் வரும்போது பழைய ட்ரெயினர் எழுதிவைத்த எடை, செட், வலி இருந்த இடம் பற்றிய குறிப்புகளைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். இல்லையென்றால் முதல் இரண்டு வாரம் மறுபடியும் தொடக்கத்திலிருந்துதான் போகும்.